பரீதாவின் பெயரில் ஓர் ஓட்டு வீடு

“வீட்டுக்கு நடுவில என்னத்துக்கு இந்த ஓட்டை?”

சுலைகா மாமி இப்படிக் கேட்டபோது, பாதி கட்டிய வீட்டின் நடுவில், வெறும் மணலில் நின்றுகொண்டிருந்தார். நான்கு பக்கச் சுவர்களின் மேலும் கைமரங்கள் ஏறியிருந்தன. அவர் நின்ற இடத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் மேலேயே பார்த்தார். பூசாத செங்கல்லில் இருந்து சூடு கிளம்பி முகத்தில் அடித்தது.

“அது ஓட்டை இல்ல மாமி. முற்றம்” என்றேன்.

“முற்றம் வாசலுக்கு வெளியில இரிக்கும். வீட்டுக்குள்ள முற்றம் வெச்ச ஆரை நீங்க கண்ட?”

கல்முனையில் என் தங்கை பரீதாவுக்காக நான் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. சுலைகா மாமியின் மகன் அன்சார் சவூதியில் டிரைவர். அவனுக்குப் பரீதாவைப் பேசியிருந்தார்கள். பேச்சு முற்றானதும் மாப்பிள்ளையின் தாய் வீட்டைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பதற்கு அதிக நேரம் எடுப்பார்கள். மாமி துணைக்கு இரண்டு பெண்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் இருவரும் அறை அறையாகப் போய் மூலைகளைப் பார்த்தார்கள்.

மாமி மூன்று விடயங்கள் சொன்னார். நடுவில் உள்ளதை மூட வேண்டும். ஓடு வேண்டாம், வீடு முழுக்கக் கொங்கிறீட் சிலப், அதாவது தட்டைக் கூரை, போட வேண்டும். சவூதியை விட்டு வரப்போகும் மகனுக்கு ரோட்டுப் பக்கம் ஒரு கடை அறை வேண்டும்.

மூன்றாவதை அவர் கேட்பதற்கு முன்னரே வரைந்திருந்தேன். பலகைக் கதவு வைத்த கடை. வாங்க வருகிறவர்கள் வெயிலிலும் மழையிலும் நிற்காதபடி தாழ்வாரம் முன்னுக்கு நீண்டு வரும். அதைக் காட்டினேன். மற்ற இரண்டுக்கும் ஏலாது என்றேன்.

மாமி கோபப்படவில்லை. செருப்பில் இருந்த மணலைத் தட்டியபடியே சொன்னார்:

“சிலப் இல்லாட்டி வேற இடம் பாருங்க, மனே.”

வீடு யாருக்கு

இத்தொடரைக் கொழும்பிலும் வடக்கிலும் படிக்கிறவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் கடிதம் எழுதுகிறார்கள். சென்ற வாரத்துக்கு மட்டும் நான்கு கடிதங்கள் வந்தன. அவற்றில் மூன்று என் எழுத்துப்பிழைகளைப் பற்றியவை. அவை என் பிழைகள் அல்ல, அச்சகத்தின் பிழைகள்.

எங்கள் கரையில் பெண் கலியாணம் முடித்துப் போவதில்லை. ஆண்தான் வருகிறான். பெண்ணுக்கு வீடு கட்டி, அவள் பெயரில் எழுதிக் கொடுத்த பிறகே நிக்காஹ். மருமகன் ஒரு சூட்கேசோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவான். வீடு அவளுக்கு, அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. ஊரில் தங்கச்சிமார் உள்ள எந்த ஆணும் தனக்கென்று ஒரு சட்டை தைப்பதற்கு முன் செங்கல் விலையைத்தான் விசாரிப்பான்.

வாப்பா மௌத்தான பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவனாக இருந்தேன். வாய்க்கால், மதகு, கலிங்கு, இவற்றுக்குத்தான் கோடு போட்டேன். பின்னேரங்களில் ஊராருக்கு வீட்டுப் படமும் வரைந்து கொடுத்தேன். எனக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பரீதா கரையேறாமல் எனக்குக் கலியாணம் பேச ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே அந்தக் கூரையின் கீழ் இரண்டு பேருடைய வாழ்க்கை காத்திருந்தது.

சுவரைப் பார்க்கும் ஜன்னல்கள்

அப்படியிருந்தும் ஏன் மறுத்தேன்?

எங்கள் வளவு ஒரு காலத்தில் ஒரே வளவு. ஒரு வீடு, ஒரு கிணறு, சுற்றிலும் தென்னை. பிறகு பெண் மக்களுக்குப் பிரிந்தது. அவர்களுடைய பெண் மக்களுக்கும் பிரிந்தது. தென்னைகள் போயின. நான் அளந்தபோது பரீதாவின் பங்கு ஓர் ஒடுங்கிய நாடா போல இருந்தது. நீளம் உண்டு, அகலம் இல்லை. இரண்டு பக்கமும் சாச்சிமாரின் வீடுகள்.

படம் கீறுவதற்கு முன் அந்த வளவில் ஏற்கெனவே நின்ற வீடுகளின் ஜன்னல்களை எண்ணினேன். மொத்தம் இருபத்தாறு. அவற்றில் பதினேழு, கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பதினேழும் எப்போதும் சாத்தியே கிடந்தன. திறந்தால் வெக்கையும் அடுத்த வீட்டுக் குசினிப் புகையும்தான் வரும். போதாததற்கு அங்கே நடக்கும் சண்டையும் வரும்.

பக்கத்தில் காற்று இல்லையென்றால் மேலே இருந்துதான் எடுக்க வேண்டும். இது பெரிய சாத்திரம் இல்லை. நடுவில் வானத்துக்குத் திறந்த ஒரு முற்றம், சுற்றிவர அறைகள், உள்பக்கம் சரியும் ஓட்டுக் கூரை. கிழக்கில் கொண்டல் காற்று நுழையக் கடை அறைக்கு மேல் செங்கல்லை இடைவிட்டுக் கட்டிய சுவர். கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து நெருப்பாக அடிக்கும் காற்றை மறிக்க அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத சுவர். மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, தரைக்குக் கீழால் போகும் ஒரு சிறிய கானில் ஓடி, பின்னால் கிணற்றடி வாழைக்குப் போகும்.

சிலப் அப்போது ஊரில் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து இரண்டு மூன்று வருடங்கள்தான். வெளிநாட்டுக் காசும் வரத் தொடங்கியிருந்தது. ரியாத்தில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து, பின்னால் தெரிகிற கட்டடத்தைக் காட்டி, இதைப்போல கீறித் தாங்க என்பார்கள். முன்னால் நிற்கும் மனிதர் வியர்வையில் நனைந்து நிற்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. கடல் மண் சும்மா கிடைக்கிறது என்று அதிலேயே கொங்கிறீட் குழைத்தவர்களும் இருக்கிறார்கள். உப்பு கம்பியைத் தின்று, இன்று அந்தத் தட்டுகள் அடியில் பொருக்கு விட்டுக் கொட்டுகின்றன. அப்போதே சொன்னேன். “இவன் வாய்க்கால் கீறுறவன், இவனுக்கு என்ன தெரியும்” என்றார்கள்.

எங்கள் வெயிலில் சிலப் பகல் முழுக்கச் சூட்டைக் குடிக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதை வீட்டுக்குள் இறக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள், கடையில் இருப்பார்கள், கடற்கரையில் இருப்பார்கள். வீட்டுக்குள் இருப்பது யார்? கூரையைப் பற்றிப் பேசிய எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் காணவில்லை.

மாமி சொன்னது

உம்மா அழுதார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். ஒரு கூரைக்காக ஒரு குமரை வீட்டில் வைத்திருக்கப் போகிறாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் படச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுலைகா மாமியின் வீட்டுக்குப் போனேன். காற்று, வெயில், நிழல் எல்லாவற்றையும் விளக்கினால் விளங்கும் என்று நினைத்தேன்.

மாமி படத்தைப் பார்க்கவே இல்லை. முற்றத்துக்குக் கூட்டிப்போய், தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் இருந்த ஒரு சின்ன இடைவெளியைக் காட்டினார். நான்கு எட்டுத் தூரம்கூட இல்லை.

சூறாவளி இரவில் மாமியின் கூரை பிரியத் தொடங்கியபோது, அவருடைய தங்கை றகுமா அடுத்த வீட்டுக்கு ஓடப் பார்த்திருக்கிறார். அந்த இடைவெளியில் வைத்துத்தான் ஓடு வந்து தலையில் அடித்தது. விடியும்வரை வெளியில் போய்த் தூக்க ஒருவராலும் முடியவில்லை; விடிந்தபோது உயிர் இல்லை.

மாமி இதை அழாமல்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓடு கத்தி மாதிரிப் பறந்த மனே. நீங்க காத்து வரும் காத்து வரும் எண்டு கதைக்கிற. காத்து வந்ததை நான் கண்டனான்.”

படத்தை விரிக்காமலே திரும்பினேன். அந்த வீட்டின் கூரையில் பழைய ஓடுதான் திரும்ப ஏற்றப்பட்டிருந்தது. சிலப் போட அவர்களுக்கு வசதி இல்லை. மாரி பிறந்தால் மாமி இரவில் அடுத்த தெருவில் ஒரு சிலப் வீட்டில் போய்ப் படுப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

உடைந்த ஓட்டுக் குவியல்

ஒரு மனிதரின் பயத்தை வெயில் கணக்கால் வெல்ல முடியாது. ஓடு ஏன் பறந்தது என்பதை அறிந்தால்தான் எனக்கு அடுத்த வார்த்தை பேச உரிமை உண்டு.

பள்ளிவாசலுக்குப் பின்னால் சூறாவளியில் உடைந்த ஓடுகளைக் கொட்டிய ஒரு குவியல் கிடந்தது. பாதி மண்ணில் புதைந்து, எருக்கலை முளைத்திருந்தது. அங்கே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். லொறியில் வரும் அந்த ஓட்டின் பின்பக்கம் ஒரு சின்ன மூக்கு இருக்கும். மூக்கில் ஒரு துளை. கம்பியை அதில் கோத்து, கீழே ஓடும் மரச் சட்டமான ரீப்பையில் கட்டுவதற்காக ஓடு சுடும்போதே வைக்கிற துளை அது. மூக்கு முழுசாக இருந்த ஓடுகள் தொண்ணூற்றிரண்டைக் கண்டேன். ஒன்றிலாவது கம்பி இல்லை. கம்பி இருந்த துருக் கறள் அடையாளம்கூட இல்லை.

ஓட்டை ரீப்பையில் கொழுவிவிட்டு, அதன் பாரத்தை நம்பி இறங்கியிருக்கிறார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். எங்கள் வீட்டு வேலை செய்த செல்லத்தம்பி மேசன் சொறிக்கல்முனையில் இருந்து சைக்கிளில் வருகிறவர். குவியலில் இருந்து ஓர் ஓட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

“தெரியும் தம்பி. ஆனா கட்டுறதுக்கு ஆர் கூலி தாற? ஓடு ஏத்தின அண்டைக்கே குடிபுகணும் எண்டு நிக்கிற ஆக்கள். முழு ஓட்டையும் கட்டினா என்ட மகள் சமைஞ்சு கலியாணமும் முடிச்சிருவாள்.”

“நாம முழு ஓட்டையும் கட்டுவம்” என்றேன்.

“சும்மா பகிடிக்குச் சொன்னன்” என்றார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

இரும்புக் கம்பி எங்கள் கடல் காற்றில் நிற்காது. பழைய இரும்புக் கடைகளில் தேடிச் செப்புக் கம்பி எடுத்தேன்.

பரீதா பேசினாள்

இதற்கிடையில் மாமி முடிவு கேட்டு உம்மாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். பெண்கள் உள்ளே பாயில் இருந்தார்கள். நான் வெளியே கதவோரம் நின்றேன். உம்மா, எப்படியும் சிலப் போட்டுத் தருவோம் என்று என்னைக் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

கலியாணம் பேசியிருக்கிற பிள்ளை, மாப்பிள்ளையின் தாய் முன் வந்து பேசுவது எங்கள் ஊரில் இல்லை. அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இருமினாலும் மெல்ல இரும வேண்டும். அன்று பரீதா அறையில் இருந்து வந்து மாமிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமி, ஒண்டு கேக்கட்டா?”

“கேளு.”

“நீங்க இரிக்கிற வீடு ஆர்ட?”

“என்ட. எங்கட உம்மா தந்த.”

“அதைக் கட்டக்குள்ள உங்கட மாமி வந்து, கூரை இப்படித்தான் இரிக்கணும் எண்டு சொன்னாவா?”

மாமி பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். “அந்தக் காலம் வேற” என்றார்.

“வழக்கம் அதுதானே மாமி. இந்த வீடும் என்ட பேர்லதான் எழுதுவாங்க. உங்கட மகன் காலைல கடையைத் திறந்தா ராவைக்குத்தான் உள்ளுக்கு வருவார். பகல் முழுக்க அதுக்குள்ள இரிக்கப் போறது நான். அதால கூரையை நான்தான் சொல்லுவன். முற்றத்தையும் நான்தான் சொல்லுவன். எனக்கு ரெண்டும் வேணும்.”

உம்மா வாயை மூடச் சொல்லி அவளைக் கிள்ளினார். பரீதா கையை விலக்கிக்கொண்டு, கதவோரம் நின்ற என்னைக் கண்ணால் காட்டினாள்.

“றகுமா சாச்சிக்கு நடந்ததைக் காக்கா சொன்னார். நானும் அண்டு ராவு மேசைக்குக் கீழதான் கிடந்த. பயம் உங்களுக்கு மட்டும் இல்ல. ஓடு பறக்காமக் கட்டுறது காக்காட வேலை. நீங்க வந்து பாருங்க. பார்த்தும் மனசு ஒப்பாட்டி மகனுக்கு வேற வீடு பாருங்க. நான் கோவிக்க மாட்டன்.”

மாமி எழுந்தார். ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாமி வெளியே வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். இப்போது எழுதும்போது நெஞ்சு நிமிர்கிறது. எழுதுவதில் உள்ள வசதி அது.

மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கூரை

அதன் பிறகு அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. ஊருக்குள் மட்டும் சேதி ஓடியது. பெண் வாய்க்காரி என்றார்கள். கூலிக்காரனைத் துரத்துவது போல மாப்பிள்ளையைத் துரத்திவிட்டார்கள் என்றார்கள். ஜும்ஆ முடிந்து இறங்கும்போது ஒருவர், “தங்கச்சிக்குக் கட்டுறது வீடா, வாய்க்காலா?” என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “வாய்க்கால்தான். உங்கட வீடு வேகக்குள்ள அங்க வந்து குளியுங்க” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குப் போதுமாக இருந்தது.

உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கூரை போட்டோம். பரீதா செப்புக் கம்பியை ஒரு சாண், ஒரு சாணாக வெட்டிக் கட்டுக் கட்டாக வைப்பாள். நான் கந்தோர் விட்டு வந்து ஏணியில் ஏறுவேன். செல்லத்தம்பி மேசன் ஓட்டைக் கொழுவ, நான் கீழிருந்து கம்பியை மூக்கில் கோத்து, ரீப்பையைச் சுற்றி, குறட்டால் இரண்டு முறுக்கு. மூன்று முறுக்கினால் செம்பு அறுந்துவிடும், ஒன்று போதாது. அண்ணாந்தே நின்று கழுத்து மரத்துவிடும். செம்மண் தூள் கண்ணில் விழும். மேசன் பழைய பகிடியை மறந்து, நான் கட்டாமல் விட்ட வரிசை ஒன்றைக் கண்டுபிடித்தால் தானே இறங்கி வந்து திட்டிக்கொண்டு கட்டுவார்.

கூரைக்கு ஏறிய ஓடு மூவாயிரத்துச் சொச்சம். சரியான எண்ணிக்கையை எழுதினால் கடிதம் எழுதும் அந்த நால்வரும் ஏணி கொண்டுவந்து எண்ணுவார்கள். வரட்டும். எதுவும் குறையாது.

வேலை முடியும் தறுவாயில், கச்சான் தணிந்து வானம் இறங்கத் தொடங்கிய நாட்களில், ஒரு பின்னேரம் சுலைகா மாமி வந்தார். துணைக்கு ஒருவரும் இல்லை. கடை அறையைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றி, நேரே பின்பக்கம் குசினித் தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே கூரை மிகவும் பதிவு. கையை உயர்த்தினால் ஓட்டின் விளிம்பு எட்டும்.

மாமி முக்காட்டை இடுப்பில் சொருகினார். இரண்டு கைகளாலும் ஓர் ஓட்டின் விளிம்பைப் பிடித்தார். இழுத்தார்.

மேசன் ஏணியில் இருந்தபடி என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினேன். மாமி இன்னொரு முறை இழுத்தார். இந்த முறை உடம்பின் பாரம் முழுவதும் கையில் தொங்கியது. குதி நிலத்தை விட்டு எழும்பியது. கம்பி ரீப்பையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடு அசைந்து திரும்பவும் இருந்த இடத்தில் குந்தியது. அவர் அடுத்த ஓட்டுக்குப் போனார். அதையும் இழுத்தார். அதற்கு அடுத்ததையும் இழுத்தார். மூச்சு வாங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரிசை முழுவதையும் இழுத்துப் பார்த்தார். ஓட்டோடு அல்ல, வேறு எதனோடோ பிணக்குத் தீர்ப்பது போல இருந்தது. ஒன்றும் கழன்று வரவில்லை.

பரீதா கிணற்றடியில் இருந்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். உதவிக்குப் போகவில்லை. தடுக்கவும் இல்லை.

கடைசி ஓட்டை விட்ட பிறகு மாமி சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளங்கைகள் இரண்டும் செம்மண் நிறம். அவற்றைப் பார்த்தபடியே கேட்டார்:

“மேல உள்ளதும் இப்படித்தானா?”

“ஓம் மாமி. முகட்டு வரைக்கும்” என்றேன்.

“அண்டைக்கு இப்படி ஒரு ஆள் கட்டித் தந்திருந்தா…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், பரீதாவைப் பார்த்துச் சொன்னார்:

“என்ட வீட்டு ஓட்டையும் கட்டித் தரச் சொல்லு புள்ள. எனக்கு இனி ஆர்ட வீட்டிலயும் போய்ப் படுக்க ஏலா.”

பரீதா என்னைப் பார்த்தாள். நான் மேசனைப் பார்த்தேன். மேசன் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கட்டித் தருவாங்க மாமி. நிக்காஹ்வுக்கு நாள் நீங்க சொல்லுங்க” என்றாள் பரீதா.

மாமி முக்காட்டைத் திரும்பவும் தலையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டும் மழைக்கு முந்தி நடக்கட்டும்” என்றார். “முதல்ல ஓடு.”